கை நனைக்காமல் ஒரு நாள்

ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் யார் என்னைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "அந்த லைட்டப் பாத்தியாமே, எப்டி கீது?" வானத்தில் பச்சைப் புடவையை உதறிக் காயப்போட்ட மாதிரி இருக்குமாமே என்று போனில் படம் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். "ஆங், பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். பார்த்தேனா இல்லையா என்று எனக்கே இன்னும் தெளிவில்லை. அன்றைக்கு நான் கிளம்பிப் போனது ஒரு மாப்பிள்ளையைப் பார்க்க. அருவி, பனிமலை, ராத்திரி வெளிச்சம் எல்லாம் வழியில் வந்தவை.

என் மகள் ஐஸ்லாந்தில் நர்ஸ். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவள் போனில் படம் போட்டுக் காட்டினாள். மேலே, மேலே, இன்னும் மேலே என்று விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நான் ஏழாவதோடு நின்றவள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு கேன்டீனில் சமைக்கிறேன். எண்ணூருக்கு மேலே பழவேற்காடு, அதற்கு மேலே ஆந்திரா, அதோடு என் பூகோளம் முடிந்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் வீடியோவில் வந்தவள், தனக்கு ஒருத்தரைப் பிடித்திருக்கிறது என்றாள். அந்த ஊர்க்காரர். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரே நாளில் எல்லாம் காட்டிக் கூட்டி வருவது அவர் வேலை. நான் அழவில்லை, கத்தவில்லை. என் வாயில் வந்தது இதுதான்:

"அவங்க வூட்ல யார்கிட்ட பேசறது?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ம்மா, நீ இங்க வா. ஒரு நாள் அவர் வேன்ல டூர் போ. நான் வரமாட்டேன். நான் இருந்தா நீ என் மூஞ்சியவே பாத்துகினு இருப்பே. அவரப் பாரு. ராத்திரி வந்து சொல்லு. நீ வேணாம்னா வேணாம்மா. சத்தியமா."

அந்தச் சத்தியம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அவள் பாட்டுக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போட்டோ அனுப்பியிருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு அப்புறம் எல்லாருக்கும் அதையே காட்டிக்கொண்டிருப்பேன். இவள் முடிவை என் மடியில் போட்டுவிட்டாள். வேண்டாம் என்று சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள். வாழ்க்கை முழுக்க ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொள்வாள். சரி என்று சொல்லி நாளைக்கு ஏதாவது ஆனால் அதுவும் என் தலையில்தான். புருஷன் இல்லாதவள் நான், யாரிடம் போய்க் கேட்பேன்?

துணைக்கு என் தம்பி வந்தான். தாய்மாமன் இல்லாமல் மாப்பிள்ளை பார்க்கப் போவதா என்று அவனே பெட்டியைக் கட்டிவிட்டான். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை அவனுக்கு. போட்டுக்கு ஐஸ் ஏற்றுவது, ஐஸ் பாரை மெஷினில் போட்டு நொறுக்குவது என்று இருபது வயசிலிருந்து ஐஸோடுதான் கிடக்கிறான். "காலம்பூரா ஐஸ்ல நின்ன எனக்குக் குளுரு இன்னா பண்ணும்?" என்று சொல்லி ஸ்வெட்டரே வாங்க மாட்டேன் என்றான். வண்ணாரப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போய் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக் கொடுத்தேன்.

அவனைக் கூட்டிக்கொண்டு போவதில் எனக்கு வேறு ஒரு பயம் இருந்தது. எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பேசப் போன இடத்தில் பேச்சு முடிவாகாமல் கை நனைக்க மாட்டோம். காபி வரைக்கும் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் தண்ணீர்கூடக் கிடையாது. அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சரி என்று சொன்னதாக அர்த்தம். சில வருஷம் முன்னால் எங்கள் பெரியம்மா பேத்திக்கு எம்.கே.பி. நகரில் ஒரு பையனைப் பார்க்கப் போனோம். நாங்கள் பெண்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் இவன் வெளியே ஷாமியானா நிழலில் உட்கார்ந்து தட்டு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டான். பையன் சரியில்லை என்று தெரிந்து நாங்கள் வேண்டாம் என்று எழுந்தபோது, "துன்னுட்டு வேணாம்னு சொல்றீங்களே, இன்னா குடும்பம் நீங்க?" என்று தெருவே கூடிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு ஆட்டோ ஏறினோம். அதனால் தீபாவளி முடிந்த கையோடு விமானம் ஏறும்போதே இவனிடம் கண்டிஷனாகச் சொன்னேன். "அந்தாளு கைல இருந்து ஒரு பருக்கை உன் வாய்க்குப் போச்சின்னா, நீ என் தம்பியே இல்ல."

"பருக்கை எங்கக்கா கெடைக்கப் போவுது அங்க? ரொட்டிதான்" என்றான்.

டூர் அன்றைக்கு மகள் விடியற்காலையே ட்யூட்டிக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. எட்டு மணிக்கும் அங்கே கும்மிருட்டு. கதவைத் திறந்தால் உயரமாக, சிவந்த தாடியோடு, காது வரைக்கும் குல்லாய் இழுத்துவிட்ட ஒருத்தர். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். பிறகு, பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"சாப்டீங்களா, அத்தை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டை விடுங்கள். அத்தை! பேச்சே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் அத்தையா? என் மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? ஆமாம் என்று தலையாட்டினால் அத்தை என்பதற்கும் சேர்த்துத் தலையாட்டினதாக ஆகிவிடுமே என்று, தலையை எந்தப் பக்கமும் ஆட்டாமல் நின்றேன். தம்பி என் காதில் ஓதினான். "நம்ம முறையெல்லாம் கரீக்ட்டா சொல்றாரு யக்கா. என்னைய இன்னான்னு கூப்புடறாருன்னு பாப்போம்." அவர் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "மாமா" என்றார். அவ்வளவுதான், இவன் அந்த நிமிஷமே கட்சி மாறிவிட்டான்.

வேனில் எங்களைத் தவிர பத்துப் பன்னிரண்டு பேர். எந்தெந்த நாட்டுக்காரர்களோ. அவர் ஓட்டிக்கொண்டே மைக்கில் பேசிக்கொண்டு வந்தார். எல்லாரும் அவ்வப்போது சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

"உனக்கு இன்னாடா புரிஞ்சிது?"

"ஒண்ணும் இல்ல. ஆனா ஷோக்கா பேசறாரு."

விடியும்போது முதல் அருவி வந்தது. மலை உச்சியிலிருந்து தண்ணீர் நேராக விழுகிறது, அதற்குப் பின்னாலேயே ஒரு பாதை. அருவிக்கு முதுகுப்பக்கம் போய் நின்று அது விழுவதைப் பார்க்கலாம். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். ஈரப் பாறையில் ஒவ்வொருத்தராகக் கை கொடுத்து இறக்கினார். ஒரு வயசான வெள்ளைக்காரம்மாவின் கையைக் கடைசிவரை விடவில்லை. என்னையும் அப்படித்தான் இறக்கினார். அங்கேதான் எனக்கு முதல் குழப்பம். எல்லாரிடமும் ஒரே மாதிரி நடக்கிற மனுஷனிடம் என்ன குணத்தைப் பார்ப்பது? நானும்தான் கேன்டீனில் டிரெய்லர் டிரைவர்களிடம் சிரித்துக்கொண்டே சாம்பார் ஊற்றுகிறேன். அந்தச் சிரிப்பை வைத்து என்னை நல்லவள் என்று யாராவது முடிவு செய்தால் எனக்கே சிரிப்பு வரும். இது வேலைச் சிரிப்பா, வீட்டுச் சிரிப்பா? வேலையில் இருக்கிற ஒருத்தரைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? சண்டை வந்தால் இவர் எப்படி? உடம்புக்கு முடியாமல் இவள் படுத்தால் இவர் எப்படி? அது போகட்டும், இவர்கள் சண்டை போட்டால் எந்த மொழியில் போடுவார்கள்? என் மகளுக்குக் கோபம் வந்தால் திருவொற்றியூர்தான் வரும். அது இவருக்குப் புரியாது. புரியாத வரைக்கும் நல்லதுதான் என்றும் தோன்றியது.

இரண்டாவது அருவி இன்னும் பெரியது. அதன் அடியில் நின்றால் மழை மாதிரி சாரல். தம்பி கையை விரித்துக்கொண்டு நின்று போட்டோ எடுக்கச் சொன்னான். எடுத்தேன். பிறகு பார்த்தால் ஒரு ஸ்வெட்டர் மட்டும்தான் விழுந்திருந்தது, தலை இல்லை.

மத்தியானம் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார். ஆட்டுக்கறி சூப்பும் ரொட்டியும். எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு எங்களுக்கு அவரே தட்டில் வைத்து எடுத்து வந்தார். சூப்பில் ஆவி பறக்கிறது. காலையில் மகள் வைத்துவிட்டுப் போன இட்லியைப் பதட்டத்தில் ஒன்றுக்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை. வயிறு கூப்பிட்டது. நான் கையைக் கூப்பி, "வேணாம், வேணாம்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "சாப்டீங்களா?" என்றார் மறுபடியும். அவரிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான், பாவம். கேட்கிற வார்த்தையும் அதுதான், கெஞ்சுகிற வார்த்தையும் அதுதான். நான் வேண்டாம் என்றே தலையாட்டினேன். தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் நகர்ந்ததும் தம்பி ஆரம்பித்தான்.

"யக்கா, இது இன்னா அவரு வூடா? ஓட்டலு. டிக்கெட்லயே சாப்பாடும் சேர்த்தி. இது கம்பெனி சூப்பு."

"கொண்டாந்து வெச்சது யாரு?"

"எல்லாத்துக்குந்தான் சாப்பாடு சொன்னாரு. தோ, அந்த வெள்ளக்காரம்மா உறிஞ்சிகினு கீது பாரு. அப்ப அந்தம்மாவும் பொண்ணு குடுத்துட்டாங்களா?"

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் இருந்தது. வேன் அவருடையது இல்லை, கடை அவருடையது இல்லை, சூப்பு அவர் வைத்தது இல்லை. ஆனால் அவர் ஊர். அவர் மண்ணில் நாங்கள் பெண் வீட்டுக்காரர்களாக வந்திருக்கிறோம். எது வீடு, எது வீடு இல்லை என்று யார் கோடு போடுவது? எங்கள் ஊரில் என்றால் வாசல்படி இருக்கும்.

"எம்.கே.பி. நகர்ல பிரியாணி துன்னப்பவும் நீ இப்டித்தாண்டா பேசுன. 'நான் வெளிய ஷாமியானாலதான் துன்னேன், வூட்டுக்குள்ள இல்ல'ன்னு."

சூப்பு எங்கள் முன்னால் ஆறிக்கொண்டே இருந்தது. மேலே கொழுப்பு வெள்ளையாகப் படிந்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் தூரத்தில் ஒரு மூலையில் நின்று போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடியும் எங்களைப் பார்த்தார்.

அடுத்தது பனிமலை. பனியாறு என்கிறார்கள், ஆறு மாதிரி நகருமாம். நின்று பார்த்தால் எதுவும் நகரவில்லை. எனக்குத்தான் காலுக்குக் கீழே எல்லாம் நகர்வது மாதிரி இருந்தது. வெள்ளை வெளேர் என்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதிக்குமேல் கறுப்பு. எரிமலைச் சாம்பலாம். மழைக்காலத்தில் எண்ணூர் நிலக்கரிக் குவியல்மேல் தார்ப்பாய் கிழிந்து தொங்குமே, அது மாதிரி இருந்தது.

தம்பி ஏமாந்துபோய்விட்டான். "இன்னா யக்கா, இவ்ளோ கலீஜா கீது? இந்த மாதிரி ஐஸ் பாரு நம்ம லாரில வந்தா நான் எறக்கவே மாட்டேன், திருப்பி அனுப்பிடுவேன்."

பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பல் வைத்த பட்டையைக் கட்டிவிட்டார். ஒருத்தர் பின்னால் ஒருத்தர், அவர் போகிற வழியிலேயே காலை வைத்து நடக்க வேண்டும் என்று கையால் காட்டினார். தலையில் ஹெல்மெட். நான் அவர் காலடியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். பசியில் காது அடைத்தது.

பாதி வழியில் ஒரு இளவட்டம் வரிசையை விட்டு விலகிப் போய், பனியில் இருந்த ஒரு நீலப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று தன்னைத்தானே படம் எடுக்கப் பார்த்தான். அவர் ஒரு கத்து கத்தினார். அதுவரை தேன் மாதிரி பேசின மனுஷனின் குரலா அது! மலையே திருப்பிக் கத்தியது. என் வீட்டுக்காரர் இருந்தவரை, அவருக்குக் கோபம் வந்தால் தட்டு பறக்கும். அது தெரிந்த உடம்பு இது. இதோ வந்துவிட்டது, இதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தான். அவர் அவன் முன்னால் பனியிலேயே மண்டியிட்டு அவன் காலில் தளர்ந்திருந்த பட்டையை இழுத்துக் கட்டினார். முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு முன்னால் போய்விட்டார்.

அந்தக் கத்தல் பயத்தில் வந்ததா, கோபத்தில் வந்ததா? கோபம் என்றால் அவ்வளவு சீக்கிரம் எங்கே போயிற்று? போய்விட்டதா, இல்லை வேலை நேரம் என்று அடக்கிக்கொண்டாரா? அடக்கினதெல்லாம் வீட்டுக்கு வந்துதானே வெடிக்கும்? ஒரு நாளில் பார்த்துச் சொல் என்றாளே, ஒரு நாளில் பார்க்கப் பார்க்க எனக்கு எல்லாமே இரண்டு இரண்டாகத் தெரிந்தது.

கீழே இறங்கியதும் எல்லாருக்கும் பிளாஸ்கில் இருந்து சூடாகச் சாக்லேட் ஊற்றிக் கொடுத்தார், பிஸ்கட்டும் கொடுத்தார். இந்தத் தடவை எங்களிடம் நீட்டவில்லை. எங்களைத் தாண்டிப் போய்விட்டார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போதுதான் தம்பி என் முழங்கையை இடித்தான்.

"யக்கா, ஒண்ணு கவனிச்சியா? அவரும் துன்னலை."

"எத்த?"

"எத்தையுமே. மத்தியானம் எல்லாருக்கும் சூப்பு குடுத்தாரு, அவரு தொடலை. ஒரு ரொட்டிய கைல எடுத்தாரு, அப்பால வெச்சிட்டாரு. இப்பவும் பாரு. எல்லாத்துக்கும் ஊத்திக்கினு கீறாரு, அவரு கைல கப்பு இல்ல."

பார்த்தேன். கப்பு இல்லை. பிஸ்கட் டப்பாவை மூடி வைத்துவிட்டு வெறுமனே கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

அவர் ஏன் சாப்பிடவில்லை? இந்த ஊரிலும் எங்களை மாதிரியே ஒரு வழக்கம் இருக்கிறதோ? அவரும் முடிவு செய்யாமல் கை நனைக்க மாட்டேன் என்று இருக்கிறாரோ? அவர் எங்களைப் பார்க்க வந்திருக்கிறாரோ? அந்த நிமிஷம் வரைக்கும் நான் அவரைப் பார்க்க வந்தவள். திடீரென்று நான் டீத்தட்டோடு நிற்கிற பெண் மாதிரி ஆகிவிட்டேன். காலையிலிருந்து நான் செய்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. கும்பிட்டவரைப் பார்த்துத் தலையாட்டாமல் நின்றது. சூப்பை ஆறவிட்டது. சிரிக்காமல் முறைத்துக்கொண்டே வந்தது. இந்தப் பொம்பளை வீட்டுப் பெண்ணா நமக்கு என்று நினைத்திருப்பார். மகள் என்னிடம் முடிவைக் கொடுத்தாள். நான் என் மூஞ்சியாலேயே அதைக் கெடுத்துவிட்டேனா?

மகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வார்டில் இருந்தால் எடுக்க மாட்டாள். மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

"அவர்கிட்டயே கேட்டுப்புடலாம்" என்றான் தம்பி.

"வாய மூடிக்கினு ஒக்காரு. இன்னான்னுடா கேப்பே?"

இருட்டிவிட்டது. திரும்புகிற வழியில், ஊர் வெளிச்சம் எதுவும் இல்லாத ஒரு இடத்தில் வேனை ஓரங்கட்டினார். ராத்திரி ஏழு மணிதான் இருக்கும், நடுச்சாமம் மாதிரி இருந்தது. எல்லாரும் இறங்கி, அந்தப் பச்சை வெளிச்சம் வருமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். குளிர் பல்லுக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் அவர் வடக்கே கையைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லாரும் "ஆ" என்றார்கள்.

நான் பார்த்தேன். மலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு மேகம். அவ்வளவுதான். எங்கள் ஊரில் புகைக்கூண்டுக்கு மேலே ராத்திரியில் நிற்கும் புகை இதைவிடப் பெரிதாக இருக்கும். "எங்கடா?" என்றேன். "தோ, அதான்" என்றான் தம்பி. "எது, மேகமா?" "மேகந்தான் போல கீது. ஆனா எல்லாரும் அத்ததான் பாக்கறாங்க."

அவர் எங்கள் பக்கத்தில் வந்து, மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த கேமராவின் பின்பக்கத்தைக் காட்டினார். அதில் பச்சை. பளீரென்று, திரை மாதிரி மடிப்பு மடிப்பாக. கேமராவிலிருந்து கண்ணை எடுத்து வானத்தைப் பார்த்தால் சாம்பல். மறுபடி கேமராவைப் பார்த்தால் பச்சை. எது நிஜம்? என் கண்ணில் கோளாறா? ஒரு தடவை அந்த மேகம் லேசாக நெளிந்த மாதிரி இருந்தது, ஓரத்தில் ஒரு பச்சை வந்து போன மாதிரியும் இருந்தது. பசி மயக்கமாகவும் இருக்கலாம்.

நான் தடுப்பதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டான். அவரைப் பார்த்து, வாயில் கையை வைத்துக் காட்டி, "யூ. வொய் நோ ஈட்டிங்?" என்றான்.

அவர் கொஞ்சம் திகைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, நிறையச் சொன்னார். நடுவில் என் மகள் பேரும் ஒரு தடவை வந்தது. கடைசியில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாடா சொன்னாரு?"

தம்பி தாடையைத் தடவினான். "நெஞ்செரிச்சல் போல கீது யக்கா."

"நெஞ்செரிச்சலுக்கு நம்ம பொண்ணு பேரு எதுக்குடா வருது?"

"நர்ஸம்மா இல்ல? மாத்திர குடுத்திருக்கும்."

அதற்குமேல் அவனிடம் கேட்டுப் பயன் இல்லை. வேன் முழுக்க எல்லாரும் போனில் பச்சைப் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் கண்ணாடியில் தெரிந்த அவர் கண்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவரும் இடையிடையே என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மற்றவர்களை எல்லாம் அவரவர் ஓட்டலில் இறக்கிவிட்டு, கடைசியாக எங்களை மகள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். கதவைத் திறந்தவுடன் மீன் குழம்பு வாசனை. அந்த ஊர் மீன், நான் கொண்டுபோன புளி. மகள் ட்யூட்டி முடித்து வந்து, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் அடுப்பில் நின்றிருக்கிறாள். நாங்கள் உள்ளே போய்விட்டோம். அவர் படிக்குக் கீழேயே நின்றார். வேன் அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

நான் அவளை இழுத்து, மெதுவாகக் கேட்டேன். "அவரு காலைலர்ந்து ஒண்ணும் துன்னலைடி. நம்மள வேணாம்னு சொல்றாரா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். "ம்மா. மத்தியானம் எனக்கு மெசேஜ் பண்ணார். உங்க அம்மா ஏன் சாப்பிடல, ஒடம்பு சரியில்லையான்னு பயந்துட்டார். நான்தான் நம்ம வழக்கத்தச் சொன்னேன். முடிவாகாம சாப்பிட மாட்டாங்கன்னு. அப்ப, அம்மாவும் மாமாவும் பட்டினியா இருக்கச் சொல்ல தான் மட்டும் எப்டி சாப்புடறதுன்னு விட்டுட்டார். தொண்டைல எறங்கலையாம்."

நான் வாசலைப் பார்த்தேன். அவர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தலையில் மழையா பனியா என்று தெரியாத ஒன்று விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"இன்னாம்மா சொல்றே?" என்றாள் மகள். கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

நாள் முழுக்கப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நல்லவராகத்தான் தெரிகிறது, ஆனால் எது வேலை எது குணம் என்று பிரிக்க முடியவில்லை. கத்தினார், ஆனால் மண்டியிட்டார். நீ இங்கேயே இருந்துவிடுவாய், நான் அங்கே தனியாக. இதையெல்லாம் எந்த வரிசையில் சொல்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"யக்கா" என்றான் தம்பி, ஸ்வெட்டருக்குள் கையை ஒடுக்கிக்கொண்டு. "ஒண்ணு கதவத் தொற, இல்ல மூடு. குளுரு உள்ள வர்து."

"அந்தாளு காலைலர்ந்து பட்டினிடி" என்றேன். "மொதல்ல உள்ள வந்து சாப்பிடச் சொல்லு. மத்தத அப்பால பேசிக்கலாம்."

மகள் கரண்டியோடு ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொண்டாள். வேனை அணைத்துவிட்டு, பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு அவர் உள்ளே வந்தார். நான்தான் சோறு போட்டேன். கையால் சாப்பிட்டார். பாதி சோறு தாடியில்தான் போனது. முள்ளோடு அள்ளினார், தம்பி எடுத்து எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தான். இரண்டாம் தடவை போட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம்தான் நானும் உட்கார்ந்தேன்.

அப்பால பேசிக்கலாம் என்றேனே, அந்தப் பேச்சை இன்றுவரைக்கும் யாரும் பேசவில்லை. முடிந்துவிட்டது என்று எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். "நான் எங்கடா சரின்னு சொன்னேன்? பசிக்குதேன்னு சோறு போட்டேன்" என்று தம்பியிடம் கேட்டால், "சோறு போட்டுட்டே, அவரும் துன்னுட்டாரு. இதுக்கு மேல இன்னா யக்கா, நோட்டீஸ் அடிக்கணுமா?" என்கிறான். நானும் அதற்குமேல் கேட்பதில்லை. நான் சொன்னது சரி என்பதுதானா, இல்லை குளிர் உள்ளே வருகிறது என்று கதவை மூடத்தான் சொன்னேனா என்று கேன்டீனில் அரிசி களைகிறபோதெல்லாம் யோசிக்கிறேன்.

சித்திரையில் அவரும் அவர் அம்மாவும் காலடிப்பேட்டைக்கு வருகிறார்களாம். அந்த வெயிலில் வரவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அந்தம்மாவுக்கு என்ன பிடிக்கும், காரம் ஆகுமா, கீழே உட்கார முடியுமா என்று மகளைத் தினமும் நச்சரிக்கிறேன். கேட்காமல் இருப்பது ஒன்றுதான். எங்கள் வழக்கத்தை அந்தம்மாவுக்கும் யாராவது சொல்லிவைத்திருந்தால்? வாசலில் நின்றுகொண்டு, முடிவாகாமல் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? வந்தவுடன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும், எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்துவிடும்.